அமெரிக்காவும் மேடையும்

(கீழப்பழுவூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று அமெரிக்காவைப் பற்றிப் பேசும்படி இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். துண்டு விளம்பரத்தைப் பார்த்த ஒரு பெரியவர், "ஐயா அமெரிக்காவுக்குப் போய்வந்தவரோ?" என்று கேட்டார். நாம் அரியலூரிலிருந்து திருவையாறு வரை போயிருக்கிறோம் என்று சொன்னோம். (சிரிப்பு) நம் படிப்பும் அப்படியேதான். பள்ளிக்கூடத்தில் கிடைத்தது ஐந்து வருஷம். மற்றதெல்லாம் கூட்டங்களில் காதால் கேட்டதும், வாசகசாலையில் எழுத்துக்கூட்டிப் படித்ததுமேயாகும். ஆகவே நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் எதையும் நம்பவேண்டியதில்லை. விசாரித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா என்றதும் நம் ஜனங்களுக்கு நினைவு வருவது டாலரும், அங்கே வேலைக்குப் போன பையன் அனுப்பும் படமுந்தான். அந்தப் படத்தில் பனி தெரியும், மோட்டார் கார் தெரியும். அந்தத் தேசம் எப்படி உண்டாயிற்று என்பது தெரியாது. ராஜாக்கள் இல்லாத தேசத்தின் சரித்திரத்தை அங்கே நடந்த பொதுக்கூட்டங்களைக் கொண்டுதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

1826-இல் ஜோசையா ஹோல்புரூக் என்பவர், மாசசூசெட்ஸ் மாகாணத்திலுள்ள மில்பரி என்ற சிற்றூரில் லைசியம் என்னும் பெயரால் ஒரு சங்கம் ஆரம்பித்தார். உழுகிறவனும் கொல்லனும் தச்சனும் மாலைவேளையில் ஓரிடத்தில் கூடி, விஷயம் தெரிந்தவரைப் பேசச்சொல்லிக் கேட்பதும், தாங்களே தர்க்கம் செய்துகொள்வதுமே அதன் வேலை. இது ஊர் ஊராய்ப் பரவிற்று. பிரசங்கிகள் ரயிலிலும் குதிரை வண்டியிலும் சுற்றுப்பிரயாணம் செய்தார்கள். பிற்காலத்தில் ஜனாதிபதியான லிங்கன், 1838-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரின் இளைஞர் லைசியத்தில்தான், சட்டத்தை மீறிக் கும்பலாய்ச் சேர்ந்து மனிதனைக் கொல்லும் கொடுமையைக் கண்டித்துப் பேசினார். அவர் பள்ளிக்கூடம் போன நாளையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது.

இனி, நாம் முக்கியமாய்ச் சொல்லவந்தது ஃபிரெடரிக் டக்ளஸ் என்பவரைப் பற்றி. அவர் மேரிலாண்டு மாகாணத்தில் அடிமைத்தாய் வயிற்றில் பிறந்தவர். பிறந்த தேதிகூட அவருக்குத் தெரியாது. மாட்டுக்கன்றுக்கு யார் தேதி எழுதிவைப்பார்கள்? பால்டிமோரில் ஒரு வீட்டில் வேலைசெய்த சிறுவயதில், அவ்வீட்டு எஜமானி அன்பாய் அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். புருஷன் அதைக் கண்டு, படிப்பு வந்தால் அடிமை கெட்டுப்போவான் என்று சொல்லித் தடுத்துவிட்டான். சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று இங்கே எழுதிவைத்தவனுக்கும் அவனுக்கும் நடுவே எத்தனையோ கடல்! புத்தி மாத்திரம் ஒன்று!

பையன் விடவில்லை. தெருவில் பசியோடு திரிந்த ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ரொட்டியைக் கொடுத்துப் பதிலுக்குப் பாடம் கேட்டுக்கொண்டான். பூட்ஸ் துடைத்துச் சேர்த்த ஐம்பது சென்ட் காசைக் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கினான். அது பிரசங்கங்களின் தொகுப்பு. அதில் ஓர் அடிமை தன் எஜமானோடு வாதாடி ஜெயித்து விடுதலை பெறுவதாக ஒரு சம்பாஷணை இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

1838-இல் மாலுமி உடையணிந்து ரயிலேறித் தப்பி, நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்துக்கு வந்து கூலிவேலை செய்தார். கப்பலுக்குச் சந்து அடைக்கும் தொழில் அவருக்குத் தெரியும். ஆனால் கறுப்பனோடு வேலைசெய்ய மாட்டோம் என்று வெள்ளைத் தொழிலாளிகள் சொல்லிவிட்டபடியால், மரம் அறுத்தும் கரி அள்ளியும் பிழைத்தார். தொழிலாளிக்குள்ளும் ஜாதி! 1841-இல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் உடல் நடுங்க எழுந்து நின்று தன் கதையைச் சொன்னார். அன்றுமுதல் பிரசங்கமே தொழிலாயிற்று.

ரயிலில் வெள்ளையர் வண்டியை விட்டு இறங்கச் சொன்னபோது அவர் இருக்கையைப் பிடித்துக்கொள்ள, ஆளோடு இருக்கையையும் பெயர்த்து எறிந்தார்கள். 1843-இல் இந்தியானா மாகாணத்துப் பென்டில்டனில் கும்பல் அடித்து அவர் கையை முறித்தது. அந்தக் கை பிறகு பழையபடி சரியாகவேயில்லை. இதில் வேடிக்கை என்னவெனில், இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் அடிமையாய் இருந்திருக்க முடியாது என்று சிலர் சொன்னார்கள். மக்காய் இருந்தால் அடிமைக்கே லாயக்கு, புத்திசாலியாய் இருந்தால் பொய்யன்! அதற்காகவே 1845-இல் எஜமானன் பெயர், ஊர் எல்லாம் போட்டுத் தன் சரித்திரத்தை அச்சிட்டார். அச்சிட்டதும், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தால் இங்கிலாந்து போகவேண்டியதாயிற்று. அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் திரட்டி எஜமானனுக்குக் கொடுத்து அவரை அவருக்கே வாங்கிக்கொடுத்தார்கள்.

அந்த நியூ பெட்ஃபோர்டிலும் ஒரு லைசியம் இருந்தது. கறுப்பர்களை அங்கத்தினராய்ச் சேர்ப்பதில்லை என்று அது முடிவு செய்தது. 1845-இல் அங்கே பேச எமர்ஸன், சார்லஸ் சம்னர் என்னும் பெரிய பிரசங்கிகளுக்கு அழைப்பு போயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் பேசமாட்டோம் என்று இருவரும் மறுத்துவிட்டார்கள். இப்படிப் பலர் மறுத்த பிறகே அந்தத் தடை நீங்கியதாக டக்ளஸ் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) நாம் ஜாதி ஒழிப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து வரும்போதுதான் வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருட்டில் நாற்பது ஐம்பது பேர் நிற்பதைப் பார்த்தோம். சேரித் தோழர்கள். இரண்டு மணி நேரமும் நின்றபடியே கேட்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கியைக் கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு, ஜமக்காளத்தில் உட்கார உரிமையில்லை. "வாருங்கள்" என்று நாம் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். மணி ஆகிவிட்டது, கடைசிப் பஸ் போய்விடும் என்று வந்துவிட்டோம். நாத்திகம் பேசுகிற நமக்கு அன்று ஒரு பஸ்தான் கடவுளாய் இருந்தது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்த பிறகே மேடையேறுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். இன்று இங்கே வந்ததும் நாம் கூட்டத்தைச் சுற்றி வந்தது காற்று வாங்குவதற்கு அல்ல.

அமெரிக்காவில் 1865-இல் சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்தது. எட்டு வருஷம் கழித்து, 1873-இல், புனாவில் ஜோதிராவ் புலே அவர்கள் 'குலாம்கிரி' என்ற புத்தகத்தை மராட்டியில் எழுதி, நீக்ரோக்களின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க ஜனங்களுக்கு அதைச் சமர்ப்பணம் செய்தார். கடல் கடந்து போகாதவர் கடலுக்கப்பால் தம்மவரைக் கண்டுகொண்டார். ஆனால் அங்கே சட்டம் வந்தும் ஓட்டலில் இடமில்லை. பனிக்காலத்தில் பியோரியா ஊரில் இரவு தங்க இடம் கிடைக்காதென்று டக்ளஸ் கவலைப்பட்டபோது, எந்த நேரத்திலும் கதவைத் திறப்பவர் என்று நண்பர் ஒருவர் சொன்ன பெயர் இங்கர்சால். நம் பத்திரிகைகளில் தமிழாக்கம் வந்து, நீங்களெல்லாம் படித்திருக்கிற அதே இங்கர்சால்தான். பாதிரியாரின் பிள்ளை, பட்டாளத்தில் கர்னல், வக்கீல். கடவுளையும் நரகத்தையும் கேள்வி கேட்டுத் தேசமெங்கும் பிரசங்கம் செய்தார். டிக்கட்டு வாங்கிக்கொண்டு கூட்டம் வந்தது.

சத்திரம், நாடகசாலை, ரயில் எதிலும் நிறபேதம் கூடாதென்று 1875-இல் செய்த சட்டத்தை 1883-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் செல்லாதென்று தள்ளிவிட்டது. தீர்ப்பு வந்த ஒரு வாரத்துக்குள் வாஷிங்டன் லிங்கன் மண்டபத்தில் கண்டனக் கூட்டம். டக்ளஸும் இங்கர்சாலும் ஒரே மேடையில் பேசினார்கள். "பிராமணாள் காப்பி கிளப்" என்று பலகை தொங்கிய தேசத்தாருக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. அன்று ஜெயிக்கவில்லை. அப்படிப்பட்ட சட்டம் மறுபடியும் வர 1964 ஆயிற்று. எண்பத்தொரு வருஷம்!

அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரான மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் நம் தேசத்தில் சுற்றுப்பிரயாணம் செய்தார். திருவனந்தபுரத்தில், தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியின் தலைவர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் ஒருவர் என்று அவரை அறிமுகப்படுத்தினாராம். முதலில் கோபம் வந்தது, யோசித்ததும் உண்மைதான் என்று தோன்றியது என்று அவரே 1965-இல் சொல்லியிருக்கிறார். அந்தப் பள்ளித் தலைவர் அமெரிக்கா போனவரா என்று நமக்குத் தெரியாது. இன்னொருவன் நிலையைப் புரிந்துகொள்ளக் கப்பல் டிக்கட்டு வேண்டியதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

சோஜர்னர் ட்ரூத் என்ற அம்மையாரைப் பற்றியும் சொல்ல ஆசை. நியூயார்க் மாகாணத்தில் அடிமையாய் இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. 1851-இல் ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் ஊரில் பெண்ணுரிமை மாநாட்டில் அவர் எழுந்து பேசினார். ஆனால் நேரம் ஆகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார்.

கேள்வி இருப்பவர்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் எழுந்து நின்று கேட்கலாம். வேப்பமரத்தடியில் நிற்கும் தாய்மார்கள் முன்னால் வந்து உட்காருங்கள், ஜமக்காளத்தில் இடம் இருக்கிறது. நாம் இன்றிரவு இவ்வூரில்தான் தங்குகிறோம். கடைசிப் பஸ் போனால் போகட்டும்.