பல் படத்தின் ஓரத்தில் ஓர் எச்சரிக்கை
(திருப்பூர் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. 2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அன்று பனியன் கம்பெனிகளில் இளைஞராயிருந்து இந்நோயோடு போராடிய பலர், தேவ கிருபையால் இன்று ஐம்பது வயதைக் கடந்திருக்கிறார்கள்.

ஆனால் வேறொரு ஆபத்து அவர்களைத் தொடருகிறது. கிருமி அடங்கியிருந்தாலும் இரத்தக் குழாய்களில் அழற்சி முற்றிலும் தணிவதில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

கடைவாய்ப் பல்லுக்காக எடுக்கும் முழுத்தாடை எக்ஸ்ரேயில் (ஓ.பி.ஜி. என்பார்கள்) கழுத்தின் ஒரு பகுதியும் விழும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அங்கே இரண்டாகப் பிரிகிறது. அதில் சுண்ணாம்பு படிந்திருந்தால் தாடை எலும்பின் மூலைக்குக் கீழே, சற்றுப் பின்புறமாக, வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். இதை 1981-இலேயே அமெரிக்காவில் பிரீட்லேண்டரும் லாண்டேயும் எழுதினார்கள். ஒரு பல்லுக்கு எடுக்கும் சிறு படத்தில் இது தெரியாது. எல்லா வெள்ளைப் புள்ளியும் அடைப்பல்ல; ஆகவே கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்து உறுதி செய்யவேண்டும். புள்ளி இல்லையென்பதால் நோய் இல்லையென்றும் சொல்லிவிட முடியாது.

கண்டுபிடித்தால் வழியுண்டு. புகையை விடுவதும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துவதும் முதற்படி. இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. தினமும் ஒரு கொழுப்புக் குறைப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன.

அன்பானவர்களே, படத்தின் ஓரத்தைக் கவனித்துப் பார்க்கக் கூடுதல் செலவில்லை. ஆனால் நோயாளி தன் நிலையைப் பயமின்றிச் சொன்னால்தான் பல் மருத்துவர் அவரை அடுத்த சோதனைக்கு அனுப்புவார். சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பயமோ இன்னும் நீங்கவில்லை. அந்தப் பயத்தை நீக்குவது சபையின் ஊழியம். ஸ்கேன் செலவும், ஒரு ஷிப்ட் விட்டால் இழக்கும் கூலியும் உங்கள் காணிக்கையால் தாங்கப்பட வேண்டியவை.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. பின்னால் ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றான். பிழைத்தவர்களை நாமும் பாதிவழியில் விட்டுவிடாதிருப்போம். எங்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.