பகடை சொல்லும் அடக்கவிலை



கடகமும் சுளகும் நீத்துப்பெட்டியும் இல்லாத அடுக்களையை யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒருகாலத்திற் காண்பது அரிது. இன்று அதே பனையின் சார்வோலையைக் கொண்டு, பரிசுப்பொருள் வைப்பதற்கேற்ற அழகிய மூடற்பெட்டிகளையும் இழைக்கின்றனர். இத்தகைய புதுப்பொருள் ஒன்றின் அமைப்பைத் தீர்மானிக்கும்போதே அதன் செலவிற் பெரும்பகுதியும் தீர்மானமாகிவிடுகின்றது. அப்படியாயின், ஓர் ஓலையையும் வாராமலே அச்செலவை அறிதல் கூடுமா?

கூடும். கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். ஒரு வணிகர் பெட்டி ஒன்றுக்கு 500 ரூபா வீதம் 30 பெட்டிகள் கேட்கின்றார். உடலையும் மூடியையும் ஒரே தொடர்ச்சியாக இழைப்பது முதலாவது அமைப்பு. அதற்கு 400 ரூபா செலவு. இரண்டையும் தனித்தனியே இழைப்பது மற்றையது. உடலுக்கு 260, மூடிக்கு 180, ஆக 440 ரூபா. முதலாவதே மலிவு என்று எவரும் சொல்லிவிடுவர்.

ஆனால், ஆறில் ஒரு மூடி கோணிப்போகின்றது எனின்? முதலாவது அமைப்பில் முழுப்பெட்டியும் வீண். இரண்டாவதில் மூடி மாத்திரமே வீண். சராசரி பார்த்தால் நல்ல பெட்டி ஒன்றுக்கு முறையே 480, 476 ரூபா ஆகின்றது. வேறுபாடு நான்கு ரூபாதானே என்று இவ்விடத்தில் நின்றுவிடுதல் தவறு.

ஆறுமுகப் பகடை ஒன்றை எடுங்கள். ஒன்று விழுந்தால் மூடி பழுது. வேறெது விழுந்தாலும் நன்று. முப்பது நல்ல பெட்டிகள் சேரும்வரை உருட்டிச் செலவைக் குறியுங்கள். இதனையே பன்முறை செய்யுங்கள். முதலாவது அமைப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 முறை செலவு 15,000 ரூபாவைத் தாண்டி நட்டம் நேரும்; இரண்டாவதில் ஏறத்தாழ ஆறு முறையே நேரும். சராசரி மறைத்த செய்தி இதுவே.

இம்முறைக்கு மொன்டே கார்லோ என்று பெயர். 1946ஆம் ஆண்டில், நோயினின்று தேறிவந்த கணித அறிஞர் ஸ்டனிஸ்லாவ் உலாம், தனியே சீட்டாடிக்கொண்டிருந்தபோது இவ்வெண்ணத்தைப் பெற்றார். ஜோன் வொன் நொய்மன் அதனைக் கணினிக்கு ஏற்றவாறு வளர்த்தார். விமானம் முதலியன செய்யும் பெருந்தொழிலகங்கள் இன்று இதனைக் கையாளுகின்றன. நமது முப்பது பெட்டிக்கோ பகடையும் ஒரு கொப்பியும் போதும். பொறுமைதான் சற்று வேண்டும்!

நட்டம் வருமிடத்து அது யார் தலையில் விழுகின்றது? பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலிருந்து இழைக்கும் பெண்ணின் கூலியிலேதான். பழுதான பெட்டிக்கு அவள் செலவிட்ட நேரத்தைக் கணக்கில் எழுதுவோர் மிகச் சிலரே. ஆகையால் அவளுடைய மணித்தியாலங்களையும் அந்த 400 ரூபாவினுள் அடக்கியே பகடையை உருட்டல் வேண்டும்.

இன்னுமொன்று. ஆறில் ஒன்று என்பது நான் வைத்துக்கொண்ட தொகை. பகடைக்கு உங்கள் மூடியைப்பற்றி ஒன்றுமே தெரியாது. முதலில் ஒரு மாதம், கோணிய மூடி ஒவ்வொன்றுக்கும் சுவரிலே ஒரு கரிக்கோடு இட்டுவையுங்கள். இருபதில் ஒன்றுதான் பழுதாகின்றதெனின், முதலாவது அமைப்பே மலிவாகவும் முடியலாம்.