சமமான மதிப்பெண்ணுக்குச் சமமான இடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்டது. ஆனாலும் பள்ளிக்குள் பட்டியல்கள் நின்றபாடில்லை. வினாடி வினாவுக்கு மூன்று பேர், ஆண்டு விழாப் பரிசுக்கு மூன்று பேர், சிறப்பு வகுப்புக்கு ஐந்து பேர் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நாமும் எக்செலில் மதிப்பெண்களை வரிசைப்படுத்தி, மேலிருந்து மூன்று பெயர்களை எடுத்து அனுப்பிவிடுகிறோம்.

ஒரு வகுப்பின் மதிப்பெண்கள் 96, 92, 88, 88, 88, 85 என்று இருக்கட்டும். மூன்றாவது வரியோடு வெட்டினால், 88 எடுத்த மூவரில் ஒருவர் உள்ளே, இருவர் வெளியே. அந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தது யார்? எக்செல் சமமான மதிப்பெண்களை ஏற்கெனவே இருந்த வரிசையிலேயே விட்டுவைக்கும். அது பெரும்பாலும் வருகைப் பதிவேட்டு வரிசை. பெயர் அகரத்தில் தொடங்கும் பிள்ளை உள்ளே வரும். வகரத்தில் தொடங்கும் பிள்ளை நிற்கும். மாணவர்களை முதலிலும் மாணவிகளைப் பின்னாலும் எழுதும் பதிவேடாக இருந்தால், ஒவ்வொரு சமநிலையிலும் மாணவிகளே விடுபடுவார்கள். யாரும் அப்படித் திட்டமிடவில்லை. ஆனால் நடப்பது அதுதான்.

இதற்கு வழி எளிது. பெயர்களை எண்ணி வெட்டாதீர்கள். மதிப்பெண்ணைக் கொண்டு வெட்டுங்கள். ‘லார்ஜ்’ என்ற சார்பில் 3 என்று கொடுத்தால் மூன்றாவது பெரிய மதிப்பெண் 88 என்று கிடைக்கும். பிறகு 88-உம் அதற்கு மேலும் உள்ள அனைவரையும் வடிகட்டுங்கள். ஐந்து பேர் வருவார்கள். ஐந்து பேர் என்பதே சரியான விடை.

பெயரைத் தேட ‘மேட்ச்’ சார்பைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டும். அது முதலில் கண்ட பெயரோடு நின்றுவிடும். இருவர் 92 எடுத்திருந்தால் ஒரே பெயர் இருமுறை வரும். மற்றவர் பெயர் வரவே வராது.

இட எண்ணிலும் ஒரு முடிவு தேவை. 96, 92, 92, 88 என்றால் ‘ரேங்க்’ சார்பு 1, 2, 2, 4 என்று தரும். மூன்றாம் இடம் காலி. டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்தபோது, வெள்ளி யாருக்கும் இல்லை, அடுத்தவருக்கு வெண்கலம். அதே முறை இது. 1, 2, 2, 3 என்று எண்ணுவதும் ஒரு முறையே. எதை எடுத்தாலும் பட்டியலின் அடியில் எழுதிவிடுங்கள்.

மூன்று பேர்தான் போக முடியும் என்றால்? அப்போது சமநிலையை உடைக்க விதி வேண்டும். அது தேர்வுக்கு முன்பே சொல்லப்பட வேண்டும். பொறியியல் கலந்தாய்வைப் பாருங்கள். கட்-ஆஃப் சமமானால் முதலில் கணித மதிப்பெண், இன்னும் சில படிகள் கடந்து பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் எண் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். நம் பள்ளியில் அப்படி விதி இல்லையென்றால், பிள்ளைகள் முன்னிலையில் சீட்டுக் குலுக்கலாம். பதிவேட்டு வரிசையைவிட அது நேர்மையானது.

மேல்பட்டியலில் விடுபட்ட பிள்ளைக்குப் போவது ஒரு பரிசு. கீழ்ப்பட்டியலில் விடுபட்டால் போவது கற்றல். சிறப்பு வகுப்புக்குக் கடைசி ஐந்து பேரை எடுக்கிறோம். மதிப்பெண்கள் 18, 21, 25, 27, 30, 30. ஐந்தாவது வரியில் வெட்டினால், 30 எடுத்த இரண்டாவது பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். அதற்கும் அதே உதவிதான் தேவைப்பட்டது. பட்டியலில் பெயர் இல்லாததால் அடுத்த தேர்வு வரை யாரும் அதைக் கவனிக்கப்போவதில்லை.

ஆகவே, எந்தப் பட்டியலை அனுப்பும் முன்னும் கடைசிப் பெயருக்கு அடுத்த வரியைப் பாருங்கள். அதே மதிப்பெண் இருந்தால் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் காரணத்தை எழுதிவையுங்கள். நாளை பெற்றோர் வந்து கேட்டால் சொல்ல நமக்கொரு பதில் இருக்க வேண்டும்.