பொன்னும் ஒரு குவளைத் தண்ணீரும்



கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தை அறியாத தமிழர் வட ஆர்க்காட்டில் குறைவு. பிழைப்பு நாடி அங்கே சென்று, தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கு அடியில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழரே. 2001-ஆம் ஆண்டில் தங்கவயல்ச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் அவர்கள் கைக்கொண்ட ஓர் உண்மையை இன்றும் நம் வீட்டு அடுக்களையில் சோதித்துப் பார்க்கலாம்.

சுரங்கத்துக் கல்லை இயந்திர உலக்கைகள் இடித்து மாவாக்கின. தண்ணீரில் கலந்த அம்மாவு, கம்பளி விரித்த சாய்பலகையின் மேல் ஓடியது. இலேசான கல்மாவு நீரோடு போயிற்று. கனத்த பொன்துகள் கம்பளியில் தங்கிற்று. ஒரு கன சென்டிமீட்டர் வெண்கல்லின் எடை 2.65 கிராம், அதே அளவு பொன்னின் எடையோ 19.3 கிராம். ஏழு மடங்குக்கும் மேற்பட்ட இவ்வேறுபாடுதான் பொன்னைக் காட்டிக் கொடுத்தது.

இனி நம் சோதனை. எண்காட்டும் சிறு தராசின் மேல் பாதி நீருள்ள குவளையை வைத்து, எண்ணைச் சுழியாக்கிக் கொள்ளுங்கள். முன்னமே எடை பார்த்த ஓர் இரும்புத் திருகாணியை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராமே, ஆணியின் கன அளவு; ஏனெனில் அது விலக்கிய நீரின் எடை அவ்வளவு. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை ஒரு கிராம் அல்லவா? 156 கிராம் ஆணி 20 காட்டினால், அடர்த்தி 7.8. இரும்பின் அடர்த்தியும் அதுவே.

நகைக்கு, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும். கல் பதிக்காத, உட்கூடில்லாத, 16 கிராம் எடையுள்ள 22 காரட் வளையல் ஏறக்குறைய 0.90 காட்டும், அடர்த்தி 17.7 அளவில் வரும். பித்தளையாயின் 1.9 அளவில் காட்டும்.

இச்சோதனையை முதன்முதலில் செய்தபோது, என் தமக்கையின் வளையலுக்கு 12 என்று கணக்கு வந்தது. போலி என்று சொல்லிவிட்டேன்! வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு ஒரு பொற்கொல்லர் பார்த்து, அது உள்ளே குழலாக அடித்த வளையல் என்றார். உள்ளிருந்த காற்றே என்னை ஏமாற்றியது. மேலே ஒட்டும் குமிழியும் அவ்வாறே ஏமாற்றும். நகையை மெல்ல அசைத்துக் குமிழியைப் போக்குங்கள். நீரில் இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல் விடுவதும் நன்று. மற்றொன்று: தங்கத்துக்கு நிகரான அடர்த்தி டங்ஸ்டன் என்னும் உலோகத்துக்கும் உண்டு. அதன்மேல் பொன்முலாம் பூசியிருந்தால் இந்தக் குவளை கண்டுபிடிக்காது. எண் குறைந்து வந்தால் ஐயம் கொள்ளலாம். சரியாக வந்ததாலேயே தீர்ப்புச் சொல்லலாகாது.

கல்மாவை நீரில் அலசிப் பார்க்கும் சோதனையைச் செய்ய விரும்பும் சிறுவர், ஆற்றுமணலில் இரும்புத்தூளைக் கலந்து தட்டில் சுழற்றிப் பார்க்கட்டும். தங்கவயலில் உறவினரைக் காணச் செல்லும்போது, அங்குள்ள சயனைடு மேடுகளிலிருந்து மட்டும் மண் அள்ளி வராதீர்கள். பொன்னைப் பிரித்தபின் கழித்த கல்மாவு அது. அதன் தூசு மூச்சில் போவது நுரையீரலுக்குக் கேடு. நம் முன்னோர் அக்கல்தூசியை வேண்டிய மட்டும் சுவாசித்துவிட்டார்கள்.