கேட்டபின் எழுதுதல்



'கேள்வி' என்னும் சொல்லை இன்று வினா என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகிறோம். திருக்குறளின் 42ஆம் அதிகாரத் தலைப்பாகிய கேள்வியோ செவிவழிப் பெறும் அறிவைக் குறிக்கும். கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்து அது அமைந்துள்ளது. கற்றவர்க்கும் கேட்டல் வேண்டும் என்பது அவ்வமைப்பால் விளங்கும்.

1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், தாம் பயின்ற நூல்களைச் சேலம் இராமசாமி முதலியாரிடம் அடுக்கிச் சொன்னார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவினார். இல்லை என்றே விடையிறுக்க நேர்ந்தது. பின்னர் அந்நூலைப் படிக்கத் தொடங்கியபோது, சமண சமயச் செய்திகள் பல அவருக்கு விளங்கவில்லை. தாமே பொருள் கற்பித்துக்கொள்ளாமல், அவ்வூர்ச் சமணர்களை நாடிச் சென்று கேட்டறிந்தார். ஆசிரியரே மாணவராய் அமர்ந்த அவ்வடக்கம், 1887இல் வெளிவந்த பதிப்புக்குத் துணைநின்றது.

அப்பெரியார் செய்ததை நான் செய்யத் தவறினேன். அதனையும் இங்கே சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். இளமையில் மலேசியத் தோட்டங்களில் பேச்சுத்தமிழை ஆராய்ந்துவந்தேன். பால்மரம் வெட்டும் மூதாட்டி ஒருவர் தம் வேலையை விவரித்தார். மரத்தில் பால் வடியும் கலத்தை அவர் 'மங்கு' என்றார். மலாய்மொழியின் 'மங்குக்' என்பதோடு உறவுடைய சொல் அது. நானோ 'கிண்ணம்' என்று திருத்தி எழுதிக்கொண்டு, அவரிடம் படித்துக் காட்டினேன்.

"கிண்ணம் வீட்டுல இருக்கும் தம்பி. மரத்துல இருக்கிறது மங்கு" என்றார் அவர்.

இரண்டும் ஒன்று என நான் எண்ணியிருந்தேன். அவர் வேறுபாடு அறிந்து பேசினார். அந்த ஒரு சொல்லை மீண்டும் அவர் சொன்னவாறே எழுதினேன். ஆயினும், அதற்கு முன் எவரிடமும் படித்துக் காட்டாமலே அக்குறிப்பேட்டில் எத்தனை சொற்களைத் திருத்தினேனோ! அவற்றைச் சொன்னவர்கள் இன்று இல்லை. அச்சொற்களை இனி எவரிடம் சென்று கேட்பேன்?

நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடுவது நம் புலவர் மரபு. எழுத்தாளர்க்கு அவ்வடக்கம் பிறர் பேசும்பொழுதே வேண்டும். நமக்குத் தெரிந்த சொல்லை அவர் வாயில் வைத்தால், கதையில் நம் குரலே ஒலிக்கும்.

மாணவர்களே, உங்கள் பாட்டியைப் பற்றி எழுத விரும்பினால், முதலில் இடைமறிக்காமல் கேளுங்கள். எழுதியபின் அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால் வாதிடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் இருக்கும்போதே இதனைச் செய்யுங்கள்.