மீன் தொட்டிக்கு ஹீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. "வண்ண மீன் வளர்க்கிறியே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. மீன் வளர்ப்பு முழுசும் பேசினா சாப்பாட்டு நேரம் தாண்டிடும். அதனால ஹீட்டரைப் பத்தி மட்டும் பேசுறேன். ஏன் அதை மட்டும்னு கேட்டா, நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன். அதையும் இன்னைக்கு இங்கேயே சொல்லிடணும்.

மீனுக்கு ஹீட்டர்னு முதல்ல நான் சொன்னப்போ எங்க மாமியார் சிரிச்சாங்க. "பொதட்டூர்பேட்டையில சித்திரை மாசம் மனுஷனே வேகுறான், மீனுக்கு வெந்நீர் வேணுமாடி?"ன்னாங்க. அவங்க சொன்னதுல பாதி நிஜம்தான். வருஷத்துல ஒன்பது மாசம் நமக்கு ஹீட்டர் தேவையே இல்லை. கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி முதல் வாரம் வரைக்கும்தான் பிரச்சினை. நம்ம ஊரைச் சுத்தி மலை. விடியக்காலையில பனி இறங்கும். பகல்ல 27 டிகிரி இருக்கிற தொட்டித் தண்ணி, விடியறப்போ 21-க்கு வந்துடுது. நானே அளந்து பார்த்தேன். மனுஷனுக்கு அது ஒண்ணுமில்லை, போர்வையை இழுத்துப் போர்த்திக்குவோம். மீனுக்கு உடம்புச் சூடுன்னு தனியா கிடையாது. தண்ணி என்ன சூடோ, அதுதான் அதோட உடம்பும். தினமும் ஆறு டிகிரி ஏறி இறங்கினா அதோட எதிர்ப்பு சக்தி போயிடும். உடம்பு பூரா ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வரும். ஒண்ணுக்கு வந்தா தொட்டி முழுக்க வரும்.

நான் குழுவில 15,000 ரூபாய் உள்கடன் வாங்கி, சென்னை கொளத்தூருக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்தது நம்ம குழுவுல எல்லாருக்கும் தெரியும். கப்பி, மோலி, அப்புறம் பத்துக் காசு அளவுல ஏஞ்சல் குஞ்சு 70. ஏஞ்சல்தான் நல்ல விலைக்குப் போகும்னு ஆசை. மூணு மாசம் வளர்த்து வித்தா தவணையும் கட்டி, பையனுக்கு டியூஷன் பீஸும் கட்டிடலாம்னு கணக்குப் போட்டேன். மார்கழி வந்ததும் அதுங்க ஒரு மூலையில கும்பலா ஒதுங்கி, துடுப்பை ஒடுக்கிக்கிட்டு நின்னுச்சு. பயந்துபோய் ஒரு கடையில ஹீட்டர் கேட்டேன். "இருக்கிறதிலேயே பெருசா எடுத்துட்டுப் போம்மா, சீக்கிரம் சூடாகும்"னு சொல்லி 200 வாட்ஸ் கொடுத்தாங்க. விலையும் மலிவு. பில் கேட்கலை. டப்பாவுல கம்பெனி பேர் கூட சரியாத் தெரியலை. தெர்மாமீட்டர் தனியா வாங்கணுமான்னு கேட்டேன், "ஹீட்டர்லயே நம்பர் இருக்கே"ன்னாங்க. அந்த 50 ரூபாயை மிச்சம் பிடிச்சேன்.

எட்டு நாள் நல்லா ஓடுச்சு. ஒன்பதாவது நாள் காலையில வாசல் தெளிச்சுட்டு வந்து பார்த்தா, தொட்டியில ஒண்ணும் அசையலை. கையை விட்டுப் பார்த்தேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற சூடு. 70-ல எட்டுதான் பிழைச்சுது, அதுவும் சாயங்காலம் போயிடுச்சு. அந்த நேரத்துல நான் பண்ணின இன்னொரு முட்டாள்தனம், பிளக்கைப் பிடுங்காம கையை விட்டது. எங்க வீட்டுக்காரர் அதுக்குத்தான் ரொம்பத் திட்டினார்.

வாரக் கூட்டத்துல "நோய் வந்து செத்துப் போச்சு"ன்னு சொன்னேன். அதுதான் அக்கா நான் சொன்ன பொய். மலிவுப் பொருளை வாங்கி ஏமாந்தேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. நீங்களும் நம்பி, ஒரு மாசத் தவணையைத் தள்ளிப் போட்டீங்க. ரெண்டு வாரம் கழிச்சு நம்ம குழுத் தங்கச்சி ஒருத்தி, "அக்கா, உங்க வீட்டுல பார்த்த மாதிரியே நானும் வாங்கிட்டேன்"னு அதே டப்பாவோட வந்து நின்னா. அவ வீட்டுல மூணு வயசுக் குழந்தை இருக்கு. எனக்கு வயித்தைப் புரட்டிடுச்சு. அவகிட்ட அன்னைக்கே உண்மையைச் சொல்லி, அதை மாட்ட வேணாம்னு தடுத்துட்டேன். உங்ககிட்ட இன்னைக்குத்தான் சொல்றேன்.

அந்த ஹீட்டருக்கு என்ன ஆச்சுன்னு எங்க வீட்டுக்காரர் உடைச்சே பார்த்தார். அவர் விசைத்தறி ஓட்டுறவர், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் அவரே கழட்டி மாட்டுவார். உள்ளே சின்னதா ஒரு தகடு இருக்கு. ரெண்டு விதமான உலோகத்தை ஒட்டினது. சூடானா வளைஞ்சு பாயிண்ட்டை விலக்கும், கரண்ட் நிக்கும். ஆறினா திரும்பச் சேரும். நம்ம இஸ்திரிப் பெட்டியிலயும் இதே தகடுதான். ஒவ்வொரு தடவை சேரும்போதும் பொறி பறக்கும். மட்டமான பாயிண்ட்டா இருந்தா அந்தப் பொறியில உருகி ஒட்டிக்கும். தறி வீட்டுல இருக்கிற அக்காங்களுக்குப் புரியும். ஸ்டார்ட்டர் பாயிண்ட் ஒட்டிக்கிட்டா, சிவப்புப் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் மோட்டார் நிக்காதில்லையா? அதே கதைதான். ஹீட்டர் விடிய விடிய அணையவே இல்லை.

அன்னைக்கு அவர் ஒண்ணு சொன்னார். "நல்லதோ மட்டமோ, எந்த ஹீட்டரும் ஒருநாள் கெடும். கெட்டுப் போனாலும் மீன் சாகாத மாதிரி ஹீட்டரைப் பார்த்து வாங்கு." எனக்கு அப்போ புரியலை. கணக்குப் போட்டதும் புரிஞ்சுது.

உங்க தொட்டியோட நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல அளந்து பெருக்கி, 1000-ஆல வகுத்தா எத்தனை லிட்டர்னு வந்துடும். என்னோடது 60, 30, 30. அதாவது 54 லிட்டர். மேல கொஞ்சம் காலி விடுறதால 50-ன்னு வச்சுக்கோங்க. லிட்டருக்கு ஒரு வாட்ஸ்னு பொதுவா சொல்லுவாங்க. நம்ம ஊர்க் குளிருக்கு அதுவே தாராளம். 50 வாட்ஸ் ஹீட்டர் ஒட்டிக்கிட்டு ராத்திரி முழுக்க எரிஞ்சாலும், பனிக்காலத்துல தண்ணி 31, 32 டிகிரிக்கு மேல போறது கஷ்டம். மீன் திணறும், ஆனா காலையில நாம பார்க்கிற வரைக்கும் தாங்கும். அதே தொட்டியில 200 வாட்ஸ் ஒட்டிக்கிட்டா 40-ஐத் தொட்டுடும். பெருசு வாங்கினா நல்லதுன்னு நாம நினைக்கிறோம் பாருங்க, இந்த விஷயத்துல அதுதான் மீனைக் கொல்லுது. 100 லிட்டர் தொட்டின்னா ஒரு 100 வாட்ஸுக்குப் பதிலா ரெண்டு 50 போடுங்க. ஒண்ணு எரியாமப் போனாலும் இன்னொண்ணு ஓரளவு காப்பாத்தும்.

தெர்மாமீட்டரைத் தனியா வாங்குங்க. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். ஹீட்டர் தலையில இருக்கிற நம்பர் நாம கேட்கிற சூடு. தொட்டியில இருக்கிற சூடு அது இல்லை. இப்போ என்கிட்ட இருக்கிற நல்ல ஹீட்டரே 26-ல வச்சா 28 காட்டுது. அதனால நான் 24-ல வச்சிருக்கேன்.

வாங்கினதும் மீன் இருக்கிற தொட்டியில போட்டுடாதீங்க. வெறும் தண்ணி ஊத்தின தொட்டியில போட்டு, அப்போ தண்ணி என்ன சூடோ அதைவிட மூணு டிகிரி கூட்டி வைங்க. அந்தச் சூடு வந்ததும் லைட் அணையுதா, ஆறினதும் திரும்ப எரியுதான்னு மூணு நாள் பாருங்க. கடையில மாத்திக் கொடுக்கிற கெடு முடியறதுக்குள்ள பார்த்துடணும். அதுக்குத்தான் பில் வேணும். முழுசாத் தண்ணியில முங்குற மாதிரி ஹீட்டரா, வயர் தலைக்குள்ள நுழையுற இடத்துல ரப்பர் இறுக்கமா இருக்கான்னு கடையிலேயே பாருங்க.

கரண்ட் விஷயத்துல நான் பயந்தாங்கொள்ளி, நீங்களும் அப்படியே இருங்க. தொட்டிக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கணும், சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. தண்ணி மாத்தும்போது ஹீட்டர் பாதி வெளியில தெரிஞ்சா கண்ணாடி வெடிக்கும். பிளக்கைப் பிடுங்கி கால் மணி நேரம் விட்டுத்தான் தண்ணி இறைக்கணும். வயர் பிளக்குக்கு நேரா இறங்காம, கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறணும். அப்போதான் வயர்ல வழியிற தண்ணி சுவிட்ச் போர்டுக்குப் போகாது. கரண்ட் கசிஞ்சா தானா டிரிப் ஆகுற ஈ.எல்.சி.பி., 30 மில்லி ஆம்பியர், வீட்டுல இல்லைன்னா ஹீட்டருக்கு முன்னாடி அதை மாட்டுங்க. இன்னொண்ணு, குளிக்க வெந்நீர் போடுற ராடை தொட்டியில விடலாமான்னு போன மாசம் ஒரு அக்கா கேட்டாங்க. வேண்டாம் அக்கா, தயவுசெஞ்சு வேண்டாம். அது 1000 வாட்ஸ், 1500 வாட்ஸ். தானா அணையவும் அணையாது.

கரண்ட் செலவு பயப்படுற அளவுக்கு இல்லை. 50 வாட்ஸ் ராத்திரி பத்து மணி நேரம் எரிஞ்சா அரை யூனிட். ரெண்டு மாச பில்லுக்கு 30 யூனிட். நாலு தொட்டிக்கும் போட்டா 120 ஆயிடும். அதனால நான் ரெண்டு தொட்டிக்குத்தான் போடுறேன். கோல்டு பிஷ்ஷுக்கு ஹீட்டர் வேண்டாம், அது குளிர் தாங்கும். கப்பி, மோலிக்குக் கண்ணாடி மூடி போட்டு, மூணு பக்கமும் தெர்மாகோல் அட்டை ஒட்டினா நம்ம குளிரை ஓட்டிடும். ராத்திரி கரண்ட் போனாலும் சூடு சீக்கிரம் இறங்காது. ஏஞ்சல், பைட்டர் வளர்க்கிறவங்களுக்குத்தான் ஹீட்டர் அவசியம். புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் பனிக்காலத்தை கப்பியோட கழிச்சுட்டு, அப்புறம் ஏஞ்சலுக்கு வாங்க. நான் தலைகீழாப் போனேன்.

தொழிலாவே செய்ய நினைக்கிறவங்களுக்கு ஒரு சேதி. நம்ம மாவட்டத்துலேயே பொன்னேரியில மீன்வளக் கல்லூரி இருக்கு. 2020-ல வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல, வீட்டுக் கொல்லையில வண்ண மீன் வளர்க்கப் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம்னு அறிவிச்சிருந்தாங்க. மீன்வளத் துறை அலுவலகத்துல, இப்போ விண்ணப்பம் வாங்குறாங்களான்னு கேட்டுட்டு இறங்குங்க.

என் கடன் போன ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி முடிஞ்சுது. நீங்க தள்ளிப் போட்ட அந்த ஒரு மாசத் தவணையையும் சேர்த்துத்தான் கட்டியிருக்கேன். இந்த வருஷம் ஏஞ்சல் 40 விட்டிருக்கேன். எங்க மாமியார் விடியக்காலையில கோலம் போட எழுந்ததும், முதல்ல தொட்டிகிட்ட போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இருபத்தாறு"ன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் வாசலுக்குப் போறாங்க. ஹீட்டர் வாங்கினவங்க சோதிச்சுப் பார்க்கணும்னா எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க. தெர்மாமீட்டரும் இருக்கு, காலித் தொட்டியும் ஒண்ணு இருக்கு.