யார் தியாகி, யார் துரோகி?

(நவம்பர் 1, விடுதலை நாளன்று திருவேட்டக்குடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



நடவுக் கூலியைப் பற்றித்தான் இன்று பேசுவதாக இருந்தேன். ஆனால் போன வாரம் இந்த ஊர் டீக்கடை வாசலில் நடந்த சண்டையை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இரண்டு வாலிபர்கள். ஒருவன் சொன்னான்: "உன் தாத்தா சொல்தா. வெள்ளைக்காரனுக்குத் துப்பாக்கி தூக்கியவர். துரோகி!" மற்றவன் சும்மா இருப்பானா? "உன் தாத்தா மட்டும் என்ன? குபேர் கட்சிக்குக் கம்பு தூக்கிவிட்டுக் கடைசி நாளில் கொடியை மாற்றியவர்தானே!" என்றான். சட்டை கிழிந்தது. தாத்தாக்கள் இருவரும் மண்ணோடு மண்ணாகிப் போனார்கள். பேரன்கள் இருவரும் ஒரே வயலில் நாற்றுக்கட்டு சுமக்கிறவர்கள்!

எனவே கூலி விஷயத்தைச் சற்று ஒத்தி வைத்து, 1954இல் என்ன நடந்தது என்று பேசுவோம். நான் பத்தாவதுக்கு மேல் படித்தவனல்ல. படித்ததையும் பெரியவர்களிடம் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

1739 முதல் காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று தஞ்சை ஜில்லாவில் மூவர்ணக் கொடி ஏறியது. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் சுதந்திரம்; இக்கரையில் பிரெஞ்சு கவர்னர் ராஜ்யம். இந்த நிலை ஏழு ஆண்டுகள் நீடித்தது.

எல்லைக்கு அப்பால், தஞ்சையில், பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் கிராமம் கிராமமாகப் போய் விவசாயச் சங்கம் கட்டினார்கள். சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் பண்ணையாட்கள் எழுந்தார்கள். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் பண்ணையாளைத் துரத்த முடியாது என்று எழுத்தில் வந்தது. அந்தச் சட்டம் எல்லையோடு நின்றுவிட்டது, தோழர்களே! இங்கே பிரெஞ்சு ராஜ்யம். சென்னை சர்க்காரின் சட்டம் செல்லாது. இக்கரைக் கூலிக்காரன் "இந்தியாவோடு சேர வேண்டும்" என்று சொன்னதில் தேசபக்தி இருந்தது. அதோடு வயிறும் இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி புதுச்சேரியைப் பாருங்கள். அங்கே விடுதலைப் போராட்டம் மில் வாசலில் பிறந்தது. 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்ட சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் பட்டாளம் சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். தோழர் வ. சுப்பையா பாரிஸ் வரை போய் வாதாடினார். 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இந்த ரத்தத்தைப் பற்றி எந்தக் கட்சியும் தகராறு செய்ததில்லை. தகராறு பின்னால் வந்தது.

1946இல் தேசிய ஜனநாயக முன்னணி என்று ஒரு முன்னணி அமைந்தது. கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து நின்று தேர்தலில் பெரும்பான்மை பெற்றார்கள். எதுவார் குபேர் அப்போது அந்த முன்னணியில்தான் இருந்தார். அடுத்த ஆண்டே பிரிந்து பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியை ஆரம்பித்தார். பெயர் சோஷலிஸ்ட், கூட வந்தவர்களோ பணக்காரர்களும் மேர்களும்! 1948 அக்டோபர் முனிசிபல் தேர்தலில் அந்தக் கட்சி தடியும் பணமும் கொண்டு வென்றது. பிரான்சின் கொடி பறக்க வேண்டும் என்பதே அன்று அவர்களுடைய கோஷம். 1950இல் சுப்பையாவின் வீடே தீக்கிரையாயிற்று. 1951இல் குபேர் பாரிஸ் பாராளுமன்றத்துக்கு அங்கத்தினராகப் போனார்.

இப்போது நம் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியனல்ல. 1948இல் நம் கட்சி இணைப்புக் கோஷத்தை எதிர்த்து நின்றது. ஆம், தோழர்களே, எதிர்த்தது! காரணம் இருந்தது. எல்லைக்கு அப்பால் நேரு சர்க்காரும் சென்னை சர்க்காரும் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிக்கொண்டிருந்தன. "அங்கே போய்ச் சேருவதென்றால் சிறையில் போய்ச் சேருவதுதானே?" என்று தோழர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயம், முடிவு தவறு. ஜனங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்கத் தவறினோம். பிறகு திருத்திக்கொண்டு இணைப்புப் போராட்டத்தின் முன்னணிக்கு வந்தோம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் "கம்யூனிஸ்டுகள் பிரெஞ்சுக்காரன் ஆட்கள்" என்று சொல்ல எதிரிக்கு நாமே வாய் கொடுத்துவிட்டோம். இதை நாமே சொல்லாவிட்டால், நாளைக்கு இன்னொருவன் நான்கு பங்கு கூட்டிச் சொல்வான்.

1954 மார்ச்சில் என்ன நடந்தது? பிரெஞ்சு சர்க்காருக்கும் குபேருக்கும் கசந்துவிட்டது. மார்ச் 18 அன்று அவருடைய கட்சி மந்திரிகளும் மேர்களும் கூடி, "வாக்கெடுப்பு வேண்டாம், உடனே இந்தியாவோடு சேர வேண்டும்" என்று தீர்மானம் போட்டார்கள். நேற்று வரை இணைப்புக்காரனை அடித்த கை இன்று இணைப்புக் கொடியைப் பிடித்தது! மார்ச் கடைசியில் குபேர் கோஷ்டி நெட்டப்பாக்கத்தைப் பிடித்தது. ஏப்ரலில் சுப்பையா தலைமையில் கம்யூனிஸ்டுகள் திருபுவனையைப் பிடித்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள், ஒரே எதிரி, ஒரே கொடி. ஆனாலும் இரண்டு முகாம்கள்! ஒருவனை ஒருவன் நம்பவில்லை. வீடு எரிந்தவனால் எப்படி நம்ப முடியும்? ஆனாலும் போராட்டம் நின்றுவிடவில்லை. ஜூனில் ஏனாம் விழுந்தது. ஜூலையில் மாஹே விழுந்தது.

அந்த அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போடத் தகுதி பெற்றவர்கள் 178 பேர். சட்டசபை அங்கத்தினர்கள், முனிசிபல் அங்கத்தினர்கள். 170 பேர் இணைப்புக்கு ஓட்டுப் போட்டார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. இன்று நாம் கொண்டாடுவது அதைத்தான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். 1949 ஜூன் 19 அன்று வங்காளத்தில் சந்திரநாகூர் ஜனங்களே நேரில் ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு 7,473, எதிர்ப்பு 114. நமக்கோ 178 பேர்! அவர்கள் எந்தத் தேர்தலில் வந்தவர்கள்? பெரும்பாலும் தடியும் பணமும் ஆடிய தேர்தலில், பிரான்சின் பெயரைச் சொல்லி ஜெயித்து வந்தவர்கள். மில் தொழிலாளியைக் கேட்கவில்லை. திருவேட்டக்குடியில் வலை இழுத்தவனையும் நடவு நட்டவளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களும் இணைப்புக்கே ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆனால் பெருமை யாருக்குப் போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

பெருமை யாருக்குப் போயிற்று? குபேர் காங்கிரசில் சேர்ந்தார். 1963 ஜூலையில் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானார். கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர்; பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர். சுப்பையா எதிர்க்கட்சியில் உட்கார்ந்தார். 1969இல் நம் காரைக்கால் எம்.ஓ.எச். ஃபரூக் தலைமையில் அமைந்த மந்திரி சபையில்தான் அவர் மந்திரியானார். சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குப் பாதுகாப்புச் சட்டம் 1970இல் வந்தது. நில உச்சவரம்புச் சட்டம் 1973இல் வந்தது. எல்லைக்கு அப்பால் 1952இல் வந்த பாதுகாப்போடு இதை ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள். கொடி மாறி எத்தனை வருஷம் கழித்து இந்தச் சட்டங்கள் வந்தன என்று உங்களுக்கே தெரியும். கொடி மாறிய மறுநாளும் தன் அப்பா அதே மிராசுதார் களத்தில் அதே மரக்காலில் கூலி நெல் வாங்கினார் என்று என் பாட்டி சொல்வாள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அயர்லாந்து என்று ஒரு நாடு. இங்கிலாந்துக்குப் பக்கத்துத் தீவு. 1916 ஏப்ரலில் டப்ளின் நகரத்தில் புரட்சி நடந்தது. அதில் ஜேம்ஸ் கானலி என்ற தொழிற்சங்கத் தலைவர் தொழிலாளர் படையோடு நின்றார். காலில் குண்டுபட்டு நிற்க முடியாத அவரை, மே 12 அன்று வெள்ளையர்கள் நாற்காலியில் வைத்துச் சுட்டார்கள். வெறும் கொடியை மாற்றினால் போதாது, நிலப்பிரபுவும் முதலாளியும் அப்படியே இருந்தால் இங்கிலாந்தே தொடர்ந்து ஆள்வதாகத்தான் பொருள் என்று அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார்.

பிறகு என்ன ஆயிற்று? 1921 டிசம்பரில் இங்கிலாந்தோடு ஒப்பந்தம். முழுக் குடியரசு இல்லை. தீவின் வடக்குப் பகுதியும் இல்லை. ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் வேறு. அவர்கள் பாராளுமன்றத்தில் 64 பேர் ஏற்றார்கள். 57 பேர் மறுத்தார்கள். ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் 1922 ஜூனில் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ் பழைய தோழர்கள் கையாலேயே செத்தார். புதிய சர்க்கார் 77 பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. எதிர்த்தரப்புத் தலைவர் டி வலேரா என்ன செய்தார் தெரியுமா? எந்தப் பிரமாணத்துக்காக இத்தனை சாவு நடந்ததோ, அதே பிரமாணப் புத்தகத்தில் 1927இல் கையெழுத்திட்டுச் சபைக்குள் போனார். 1932இல் சர்க்காரும் அமைத்தார்.

இந்தச் சண்டையின் நடுவே இன்னொன்று நடந்தது. அதைப் பலர் சொல்வதில்லை. 1923இல் வாட்டர்ஃபோர்டு ஜில்லாவில் விவசாயக் கூலிகள், கூலிக் குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் மீது யாருடைய பட்டாளம் வந்தது? சுதந்திர அயர்லாந்தின் பட்டாளம்!

இனி சொல்தா விஷயத்துக்கு வருகிறேன். டீக்கடைச் சண்டையின் முதல் பாதி அதுதானே?

டப்ளினில் 1916இல் பிடிபட்ட புரட்சிக்காரர்களைத் தெருவில் நடத்திக்கொண்டு போனபோது, ஏழைப் பெண்கள் சிலர் ஏசினார்கள். அவர்களுடைய புருஷன்மார் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தார்கள். அங்கிருந்து வரும் படிப்பணத்தில்தான் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. அந்தப் பெண்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நம் காரைக்கால் பிள்ளைகளும் சைகோனுக்குப் போனார்கள். வியட்நாமிய விவசாயிகளை எதிர்த்து நின்ற பிரெஞ்சுப் பட்டாளத்தில் நம்மவர்களும் இருந்தார்கள். அது அநியாயமான யுத்தம், அதில் சந்தேகமில்லை. 1954 மே 7 அன்று தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் பட்டாளம் சரணடைந்தது. அந்தத் தோல்வி இல்லாவிட்டால் பாரிஸ் அவ்வளவு சீக்கிரம் நம்மை விட்டிருக்குமா? கீழூரில் இணைப்புக்கு ஓட்டுப் போட்ட 170 பேரோடு, பெயர் தெரியாத வியட்நாமிய விவசாயிக்கும் நம் விடுதலையில் பங்கு உண்டு. அவனுக்கு எதிரே நின்றவன் நம் ஊர் ஏழை. வயலும் இல்லாமல் வலையும் இல்லாமல் சம்பளத்துக்காகப் போனவன். அவனை அனுப்பிய கவர்னரையும் அவனையும் ஒரே தராசில் வைப்பது எந்த ஊர் நியாயம்?

1962 ஆகஸ்ட் 16 அன்று உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுப் பிரஜையாக இருக்க விரும்புகிறவர் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பென்ஷனுக்காகத்தான் பலர் எழுதினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதிக் கொடுக்காமல் இங்கேயே கூலிக்காரனாக நின்றவனுக்கு யாரும் தாமிரப் பட்டயம் தரவுமில்லை.

அந்த இரண்டு வாலிபர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பெயர் சொல்லி எழுப்பமாட்டேன். ஒருவருடைய தாத்தா சொல்தாவாகப் போனார். மற்றவருடைய தாத்தா மிராசுதார் சொன்ன பக்கம் கம்பு பிடித்தார். மறுத்திருந்தால் மறுநாள் களத்தில் வேலை கிடைத்திருக்காது. இருவரும் செய்தது சரியென்று நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கவர்னரும் மேரும் மிராசுதாரும் நகர்ந்துபோக, பழி மட்டும் உங்கள் இரண்டு வீட்டு வாசலில் கிடப்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் பழைய பிரெஞ்சுக் காலத்துக் காகிதங்கள், ஓட்டுச் சீட்டு, சிறைச் சீட்டு, சைகோன் கடிதம், எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். கறையான் தின்பதற்குள் எழுதிக்கொள்ள வேண்டும். நாளைக் காலை எட்டு மணிக்கு இதே இடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். எந்தக் கட்சிக் குடும்பமாக இருந்தாலும் வரலாம். நடவுக் கூலி பற்றிய பேச்சு ஞாயிற்றுக்கிழமை மாலை.